ஷெர்ரி பீப்பாயில் தங்கிய ஐரிஷ் விஸ்கி: வாசகர் கேள்வி, அக்கா பதில்

சென்ற இதழில், ஐரிஷ் விஸ்கியைக் கடைசிச் சில காலம் ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் ஊறிய பீப்பாயில் வைத்து எடுக்கும் 'ஃபினிஷ்' பழக்கத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. புதிய வாசகர்களுக்கு ஒரு வரி: ஜார்ஜ்டவுன் ஓட்டல் பார்களில் நீண்ட காலம் வேலை பார்த்து, இப்போது ஓட்டல் துறை மாணவர்களுக்குப் பானங்களைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். நம் மலேசியச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர்களுக்கும், மார்க்கத்தில் தடை உள்ளவர்களுக்கும் உரிய பக்கம் இல்லை இது. மற்றவர்கள் வாருங்கள்.

கேள்வி: அக்கா, டப்ளினில் படிக்கும் என் தம்பி மகன் விடுமுறைக்கு வந்தபோது 'ரெட்பிரெஸ்ட் லஸ்டாவ்' என்ற ஐரிஷ் விஸ்கி வாங்கி வந்தான். ஷெர்ரி ஃபினிஷ் என்று எழுதியிருக்கிறது. எந்த விஸ்கியானாலும் ஐஸும் சோடாவும் ஊற்றியே பழகியவன் நான். இதை அப்படிக் குடித்தால் வீண் என்கிறான். உண்மையா? எப்படித்தான் ருசி பார்ப்பது?
(வாசகர், சுங்கை பட்டாணி)

பதில்: பையன் சொன்னது சரி. நல்ல பாட்டிலாகப் பார்த்துத்தான் கொண்டுவந்திருக்கிறான். முதல் கோப்பையை மட்டும் எதுவும் கலக்காமல் குடித்துப் பாருங்கள். அப்புறம் சோடா ஊற்றுவதும் ஊற்றாததும் உங்கள் பாடு.

கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது. அயர்லாந்தின் தெற்கே, கார்க் மாவட்டத்து மிடில்டனில் வடித்த விஸ்கி அது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் வரை போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயிலும் ஷெர்ரி பீப்பாயிலும் கிடந்துவிட்டு, கடைசி ஓராண்டு ஸ்பெயினின் ஹெரெஸ் நகரத்து லஸ்டாவ் நிறுவனத்தின் ஒலொரோசோ ஷெர்ரி ஊறிய பீப்பாய்களுக்கு மாறியது. 1896 முதல் ஷெர்ரி செய்கிற வீடு லஸ்டாவ். ஆல்கஹால் 46 விழுக்காடு. வழக்கமான 40-ஐவிடக் காட்டம் கூடுதல், அதனால் அவசரம் வேண்டாம்.

நம் ஊரில் ருசிக்கு முதல் எதிரி வெயில். அறை வெப்பநிலையில் குடிக்கவும் என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதினால், அது 18, 20 பாகை உள்ள அறை. பினாங்கில் மத்தியான நேரம் மின்விசிறி மட்டும் சுற்றும் வரவேற்பறை 30-ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் கோப்பையிலிருந்து ஆல்கஹால்தான் முதலில் கிளம்பி மூக்கை எரிக்கும். பழ வாசனைக்கு வழியே கிடைக்காது. ஏர்கான் போட்ட அறையில், இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் உட்காருங்கள். ஏர்கான் இல்லாத வீடென்றால் பாட்டிலைப் பத்து நிமிடம் ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து எடுத்தால் போதும். சாமி மேடையில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தாலோ, சமையலறையில் தாளிப்பு நடந்தாலோ அன்று வேண்டாம். என் வகுப்புக்கு மல்லிகைச் சரம் வைத்துவரும் மாணவிகளைக்கூட அன்றைக்கு மட்டும் கழற்றி வைக்கச் சொல்வேன். அவர்களுக்கு மனசு வராது. ஆனால் மல்லிகை பக்கத்தில் இருந்தால் வேறு எந்த வாசனையும் தலையெடுக்காது.

கிளாஸ் முக்கியம். வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்க வேண்டும். கிளென்கேர்ன் என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். கிடைக்காவிட்டால் சிறிய ஒயின் கிளாஸ் போதும். சோடாவுக்குப் பயன்படுத்தும் அகலமான கிளாஸில் வாசனை பரவிப் போய்விடும். 25 மில்லி, மிஞ்சினால் 30 ஊற்றி, ஐந்து பத்து நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள்.

மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காதீர்கள். தாடை உயரத்தில் கிளாஸைப் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மெதுவாக முகருங்கள். முதலில் வருவது பேரீச்சை, உலர்திராட்சை, அத்தி. கிளாஸை இறக்கி வைத்துவிட்டு மறுபடி எடுங்கள். தீபாவளிப் பலகாரத்துக்கு நெய்யில் வறுத்த முந்திரியின் வாசம் இருக்கும், கூடவே ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு. ஜாதிக்காய்கூடத் தெரியும். பினாங்கில் பாலிக் பூலாவ் பக்கம் ஜாதிக்காய் உரித்த இடத்தில் நின்றவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். எனக்கு முக்கியம் மூன்றாவது முகர்வு. பழமும் மசாலாவும் மூக்குக்குப் பழகிவிட்ட பிறகு, அடியில் மெதுவாக ஒரு தானிய வாசம் எழும். காப்பிக் கடையில் சூடாகக் கொண்டுவந்து வைக்கும் பார்லித் தண்ணியின் ஆவியை நினைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டதென்றால் விஸ்கியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மேலே இருந்தது ஸ்பெயின் பீப்பாய் கொடுத்தது. அடியில் இருப்பதுதான் அயர்லாந்துக்காரர் வடித்தது.

முதல் வாய் நாக்கை நனைக்க மட்டும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வாய் அப்போதுதான் காரத்துக்குப் பழகுகிறது. இரண்டாவது வாயை நாக்கில் சுழற்றி, சில நொடி வைத்திருந்து விழுங்குங்கள். எண்ணெய் மாதிரி ஒரு வழவழப்பு நாக்கில் படரும், பிறகு மிளகும் இஞ்சியும் ஏறும், அதற்குப் பிறகுதான் பழம். விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பின்சுவை அங்கேதான் கிடைக்கிறது. கடைசியில் கட்டித் தே-ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) குடித்ததுபோல ஈறு லேசாக இழுக்கும். அது ஓக் மரத்தின் துவர்ப்பு, குறை இல்லை.

இனித் தண்ணீர். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தேக்கரண்டியால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் வாடை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தண்ணீர் பட்டதும் வாசனை விரிகிறது என்பது வெறும் பார்க்காரர் பேச்சு இல்லை. 2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் பார்த்தபோது, ஆல்கஹால் குறையக் குறைய குவையகால் என்ற வாசனைப் பொருள் மேற்பரப்புக்கு நகர்வது தெரிந்தது. தண்ணீரோ ஐஸோ பட்டு விஸ்கி லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம். 46 விழுக்காட்டில் வரும் பல விஸ்கிகளைக் குளிர்வித்து வடிகட்டுவதில்லை. அதில் தங்கிய கொழுப்புச் சத்துதான் அப்படிக் கலங்குகிறது.

கிளாஸைக் கழுவாமல் இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் போய்விட்டிருக்கும், மரமும் தானியமும் நின்றிருக்கும். எந்த விஸ்கிக்கும் நான் வைக்கும் கடைசிப் பரீட்சை அதுதான். மேலோட்டமாகச் செய்த சரக்கு காலையில் ஒன்றுமில்லாமல் நிற்கும்.

கேள்வி: ஷெர்ரி என்பது இனிப்பு ஒயின்தானே? அதை விஸ்கியில் கலந்துதான் ஷெர்ரி ஃபினிஷ் என்று விற்கிறார்களா?
(வாசகி, கிள்ளான்)

பதில்: கலப்பதில்லை. ஷெர்ரி ஊறிய பீப்பாயில் விஸ்கியை ஊற்றி வைக்கிறார்கள். ஒயினை வெளியே எடுத்த பிறகும் சில லிட்டர் மரத்துக்குள்ளேயே தங்கிவிடும். விஸ்கி உள்ளே கிடக்கும் மாதங்களில் அதையும் மரத்தின் சத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது.

இனிப்பு என்று நீங்கள் சொன்னதுதான் பலரும் நினைப்பது. ஷெர்ரி என்பது ஸ்பெயினின் தென்கோடி அந்தலூசியாவில், ஹெரெஸ், சான்லூக்கார், எல் புவேர்த்தோ என்ற மூன்று ஊர்களை ஒட்டிய வட்டாரத்து ஒயின். பெரும்பாலும் பாலோமினோ என்ற வெள்ளைத் திராட்சையில் செய்வது. ஒயின் ஆனதும் திராட்சைச் சாராயம் சேர்த்துக் காட்டத்தை ஏற்றுவார்கள். 15 விழுக்காட்டில் நிறுத்தினால் ஒயின் மேல் ஃபுளோர் என்ற ஈஸ்ட் படலம் போர்த்திக்கொள்ளும். அது ஃபீனோ, வெளிர் நிறம், உப்புக்கரிப்பான ருசி. 17-க்கு மேல் ஏற்றிவிட்டால் அந்தப் படலம் பிழைக்காது. ஒயின் காற்றோடு வருடக்கணக்கில் பழகிப் பழுப்பாகி, வால்நட் வாசம் பிடித்துக்கொள்ளும். அதுதான் ஒலொரோசோ. இயல்பில் அது இனிக்காது, வறண்ட ஒயின். இனிப்பு வேண்டுமென்றால் பெத்ரோ ஹிமேனெஸ் என்ற வேறு திராட்சை. அதை வெயிலில் உலர்த்திப் பிழிவார்கள். பாகு மாதிரிக் கறுப்பாக ஒழுகும்.

இதைத் தெரிந்து வைத்தால் லேபிலைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். ஒலொரோசோ என்றிருந்தால் கொட்டைப் பருப்பு, உலர்பழம், முடிவில் வறட்சி. பெத்ரோ ஹிமேனெஸ் என்றிருந்தால் கருப்பட்டிப் பாகு, பேரீச்சை, கனமான இனிப்பு வாசம். வெறும் ஷெர்ரி என்று போட்டிருந்தால் கடைக்காரரிடம் எந்த ஷெர்ரி என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் விசாரித்தாவது சொல்வார்.

பீப்பாய் கதை இன்னும் சுவாரசியம். ஒரு காலத்தில் ஷெர்ரி பீப்பாயோடுதான் கப்பலேறி பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வந்தது. ஒயின் தீர்ந்ததும் மிஞ்சிய பீப்பாயை விஸ்கிக்காரர்கள் மலிவாக வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஷெர்ரி குடிப்பவர்கள் குறைந்தார்கள். 1980-களில் ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைத்து அனுப்பும் நிலை வந்தது. பழைய பீப்பாய் வரத்து நின்றுபோனது. இப்போது பெரும்பாலும் விஸ்கிக்காகவே பீப்பாய் செய்கிறார்கள். மிடில்டனுக்குப் போகும் பீப்பாய்களுக்கு ஸ்பெயினின் வடமேற்கே கலீசியாவில் ஓக் மரம் வெட்டி, தெற்கே ஹெரெஸில் உலரவைத்துப் பீப்பாயாக்கி, ஒலொரோசோ ஊற்றி இரண்டு வருடம் போல ஊறவிடுகிறார்கள். அப்படி ஊறவைக்கும் ஒயின் பெரும்பாலும் கோப்பைக்கு வருவதில்லை. காடிக்கோ, பிராந்தி வடிக்கவோ போய்விடும். வேலை முழுக்கப் பீப்பாய்க்காக. ஷெர்ரி வீடுகளில் அடுக்கடுக்காக நிற்கும் நூற்றாண்டுப் பீப்பாய்கள் விஸ்கிக்கு வந்து சேருவதாக நினைத்துக்கொண்டு கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அவற்றை ஒயின்காரர்கள் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

வாழ்நாள் முழுக்க ஷெர்ரி பீப்பாயில் கிடந்த விஸ்கி வேறு, கடைசியில் சில மாதமோ ஓரிரு வருடமோ இருந்துவிட்டு வந்தது வேறு. ஃபினிஷ் என்பது குழம்பை இறக்கும்போது தாளித்துக் கொட்டுவது. குழம்பு சரியாகக் கொதிக்காவிட்டால் தாளிப்பு அதைக் காப்பாற்றாது. இளசான, சத்தில்லாத விஸ்கியை ஷெர்ரி பீப்பாயில் முக்கி எடுத்து விற்பதும் சந்தையில் நடக்கிறது. முகர்ந்தால் பழக்கூடை, வாயில் விட்டால் நடுவில் வெறுமை, தொண்டையில் எரிச்சல் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் இதுதான் விஷயம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ரெட்பிரெஸ்ட்டிலேயே 12 வருடச் சரக்கும் லஸ்டாவும் நண்பர்கள் இருவரிடம் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். ஒரே ஊரில், ஒரே முறையில் வடித்தது. 12-க்கு 40 விழுக்காடு, போர்பன், ஒலொரோசோ பீப்பாய்களில் முதிர்ந்தது. மற்றதற்கு அந்தக் கடைசி ஓராண்டு கூடுதல். பீப்பாய் என்ன செய்கிறது என்று நான் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதை அந்த இரண்டு கிளாஸ்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

கேள்வி: நிறம் கறுக்கக் கறுக்க ஷெர்ரி அதிகம், பழசு அதிகம் என்று என் கூட்டாளி சொல்கிறார். சரியா?
(வாசகர், ஈப்போ)

பதில்: நிறத்தை நம்ப வேண்டாம். ஐரிஷ் விஸ்கியில் நிறத்துக்காக கேரமல் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. புதுப் பீப்பாய் ஒரு வருடத்தில் ஏற்றும் நிறத்தைப் பலமுறை பயன்பட்ட பீப்பாய் பத்து வருடத்திலும் ஏற்றாது. கூட்டாளியைக் கண்ணை மூடி முகரச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஸ்காட்ச் மட்டும் குடிப்பவன். ஐரிஷ் விஸ்கி மூன்று தடவை வடித்ததால் மெல்லிசு, சாரமே இல்லை என்பது என் அபிப்பிராயம். ஷெர்ரி போட்டுச் சாரம் ஏற்றுகிறார்களோ?
(வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: உங்கள் அபிப்பிராயத்தை மாற்ற எனக்கு ஆசை, மறைக்கவில்லை.

மூன்று தடவை வடிப்பது அங்கே பரவலான பழக்கமே தவிரச் சட்டம் இல்லை. கூலி என்ற வடிசாலை இரண்டே தடவை வடித்து, பீட் என்ற சதுப்பு நிலக் கரியின் புகையூட்டிய மால்ட்டில் (முளைகட்டிய பார்லியில்) கொனமாரா என்று ஒன்று செய்தது. கண்ணைக் கட்டிக் கொடுத்தால் நீங்களே ஸ்காட்ச் என்பீர்கள். சட்டம் கேட்பது வேறு: அயர்லாந்துத் தீவிலேயே வடிக்க வேண்டும், அங்கேயே 700 லிட்டருக்கு மேற்படாத மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு முதிர வேண்டும், பாட்டிலில் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

அவர்களின் தனிச்சொத்து பாட் ஸ்டில் விஸ்கி. முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பச்சை பார்லியையும் சேர்த்து அரைத்து, செம்புக் கலத்தில் வடிப்பது. இன்றைய விதிப்படி இரண்டும் ஒவ்வொன்றும் குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் மால்ட்டுக்கு வரி போட்டார்கள். வரியைக் குறைக்கப் பச்சை பார்லி சேர்த்தார்கள், அதன் ருசி பிடித்துப்போய் நிலைத்துவிட்டது. மேலே சுங்கை பட்டாணிக்காரருக்குச் சொன்னேனே, அந்த எண்ணெய் வழவழப்பும் இஞ்சிக் காரமும், அவை இந்தப் பச்சை பார்லியிலிருந்து வருபவை. ஷெர்ரியின் பாரத்தைத் தாங்கும் முதுகெலும்பு அதற்கு உண்டு. ஒலொரோசோவும் பாட் ஸ்டில்லும் ஒன்றோடொன்று இவ்வளவு பொருந்துவதற்குக் காரணமும் இதுதான் என்பது என் திடமான கருத்து.

ஐரிஷ் என்றாலே மெல்லிசு என்ற பெயர் எப்படி வந்தது? 19-ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தையில் ஐரிஷ் விஸ்கிதான் பெரிய ஆள். 1830-இல் ஏனியஸ் காஃபி என்ற ஐரிஷ் சுங்க அதிகாரி, நிறுத்தாமல் வடிக்கும் கலத்துக்குக் காப்புரிமை வாங்கினார். டப்ளின் பெரிய வடிசாலைகள் அதை ஏற்கவில்லை, ஸ்காட்லாந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அயர்லாந்து விடுதலைப் போர், பிரிட்டிஷ் சந்தை கைநழுவல், 1920 முதல் 1933 வரை அமெரிக்க மதுவிலக்கு. 1966-இல் அயர்லாந்துக் குடியரசில் மிஞ்சியிருந்த ஜேம்சன், பவர்ஸ், கார்க் டிஸ்டில்லரீஸ் என்ற மூன்று நிறுவனங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. 1970-களின் கடைசியில் மொத்தத் தீவிலும் மிடில்டன், புஷ்மில்ஸ் இரண்டு வடிசாலைகள்தான் ஓடின. உயிர் பிழைக்க லேசான கலவை விஸ்கியைத்தான் அவர்கள் உலகத்துக்கு விற்றார்கள். நீங்கள் குடித்தது அதுவாக இருக்கும்.

ரெட்பிரெஸ்ட் விலை அதிகமாகத் தோன்றினால் புஷ்மில்ஸ் பிளாக் புஷ்ஷில் தொடங்குங்கள். வட அயர்லாந்துச் சரக்கு. அந்த வட்டாரத்தில் வடிக்க உரிமம் கொடுத்த 1608-ஐப் பெருமையாகப் பாட்டிலில் போட்டிருப்பார்கள். கலவை விஸ்கிதான், ஆனால் அதில் மால்ட் பங்கு அதிகம், அந்த மால்ட் ஒலொரோசோ பீப்பாயில் முதிர்ந்தது. இது ஃபினிஷ் வகை இல்லை. இருந்தாலும் ஷெர்ரி ஐரிஷ் விஸ்கிக்கு என்ன செய்யும் என்று கையைக் கடிக்காமல் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: உங்கள் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம். என் அப்பா தோட்டத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தே போய்ச் சேர்ந்தார். நம் சனத்துக்கு மது செய்ததெல்லாம் தெரிந்தும், தமிழ்ப் பத்திரிகையில் இதை எப்படி ருசி பார்ப்பது என்று எழுதலாமா?
(வாசகி, கூலிம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை வெட்டாமல் போடச் சொன்னது நான்தான்.

நானும் கெடாவில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். சம்பள நாள் சாயங்காலம் கள்ளுக்கடைப் பக்கமே பார்த்துக்கொண்டு வாசலில் பெண்கள் நின்றிருந்ததைப் பார்த்து வளர்ந்தேன். கள்ளை விட மோசமாகச் சம்சு வந்தது. சின்ன பாட்டில், சில வெள்ளிதான், அன்றாடக் கூலிக்குக் கைக்கெட்டும் விலை. அதை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வருடக்கணக்கில் குரல் கொடுத்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கைக் குடித்துப் பலர் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு உழைத்தவர்கள்.

விலை கூடிய விஸ்கி நல்லது, சம்சு கெட்டது என்று நான் ஒருநாளும் எழுத மாட்டேன். இரண்டிலும் இருப்பது அதே ஆல்கஹால். 46 விழுக்காட்டு விஸ்கி 30 மில்லியில் ஏறக்குறைய 11 கிராம் இருக்கிறது. ஒரு சின்ன டின் பியரில் இருப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். பீப்பாய் ஸ்பெயினில் செய்ததா என்று ஈரல் பார்ப்பதில்லை. எந்த அளவும் உடலுக்குப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அதை ஒப்புக்கொண்டுதான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

அப்படியானால் ஏன் எழுதுகிறேன்? ஓட்டலில் இந்த வேலையை நம்பி எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அவர்கள் தொழிலை முழுதாகக் கற்க வேண்டும் என்பது ஒன்று. ஏற்கெனவே குடிக்கிறவர்கள் முகரவும் நிதானிக்கவும் பழகினால் மூன்றாவது கிளாஸுக்குப் போகாமல் நிற்கிறார்கள் என்பதை என் கண்ணால் பார்த்தது இன்னொன்று. என் வகுப்பில் துப்புவதற்குத் தனிப் பாத்திரம் உண்டு, முகர்ந்தால் போதும், விழுங்க வேண்டியதில்லை. குடிக்காத பிள்ளையை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது முதல் நாளே சொல்லும் விதி. வீட்டில் குடியால் அடிபட்டவர்கள், நிறுத்திவிட்டு மீண்டவர்கள் யாருக்கும் இந்தப் பக்கத்தில் எந்த அழைப்பும் இல்லை. உங்கள் கோபம் நியாயம். அதைப் படித்த பிறகு எழுதுவதில் நான் இன்னும் கவனமாக இருப்பேன்.

கேள்வி: ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு ஷெர்ரி ஃபினிஷ் விஸ்கி சேருமா? வீட்டில் விருந்து வைக்கிறோம்.
(வாசகர், தைப்பிங்)

பதில்: பிரட்டல் நம் ஊர்க் காரத்தில் இருந்தால் சேராது. மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் வாயில் ஒரே எரிச்சல் நரம்பைத்தான் தட்டுகின்றன. இரண்டும் சேர்ந்தால் நெருப்புதான் மிஞ்சும், பீப்பாய் வாசனை போன இடம் தெரியாது. சாப்பாட்டுக்கு முன்னால் நெய்யில் வறுத்த உப்பு முந்திரி, பாதாம், கொஞ்சம் பேரீச்சை வையுங்கள். பிரட்டலைச் சோற்றோடு தனியாகச் சாப்பிடட்டும். கடைசியில் இன்னொரு சின்ன கிளாஸ் வேண்டுமென்றால் கசப்புச் சாக்லேட் ஒரு துண்டு நன்றாக நிற்கும். முறுக்கு சரி, லட்டு வேண்டாம். இனிப்பு பட்ட நாக்குக்கு விஸ்கி கசக்கும்.

வண்டி ஓட்டி வருபவர்களுக்கு ஒன்று. 2020 அக்டோபரிலிருந்து நம் சட்டத்தில் இரத்த அளவு வரம்பு 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைந்துவிட்டது, தண்டனையும் கடுமையாகிவிட்டது. வீட்டுக்காரர் என்ற முறையில் கிராப் வாடகை வண்டி பிடித்துக் கொடுங்கள், அல்லது பாய் போட்டுப் படுக்க வையுங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். திறந்த பாட்டில் ஒன்று மேல் அலமாரியில் பாதியாக நிற்கிறது. கெட்டுப்போகுமா? ஒயின் மாதிரிப் படுக்கவைக்கலாமா?
(வாசகர், செந்தூல்)

பதில்: படுக்கவைக்காதீர்கள். ஒயின் கார்க்கை நனைத்து வைக்கும், விஸ்கியின் காட்டம் கார்க்கை அரித்துவிடும். நிமிர்த்தி வையுங்கள். மேல் அலமாரி கோலாலம்பூர் அடுக்குமாடியில் மத்தியானம் சூடாகும். கீழ்த்தட்டில், வெயில் படாத மூலையில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். வெயில் பட்டால் நிறமும் போகும், ருசியும் போகும்.

விஷமாகிவிடாது, பயம் வேண்டாம். ஆனால் பாதி காலியான பாட்டிலில் காற்றுதான் அதிகம். ஷெர்ரி ஃபினிஷ் விஸ்கியில் முதலில் மங்குவது அந்தப் பழ வாசனை. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சில மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், அல்லது சுத்தமாகக் கழுவிக் காயவைத்த சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடி வையுங்கள். சாஸ் பாட்டில், ஊறுகாய்ப் பாட்டில் வேண்டாம், எத்தனை கழுவினாலும் மூடியில் வாடை நிற்கும்.

மாதம் ஒரு தடவை பாட்டிலை ஒரு நொடி சாய்த்துக் கார்க்கை நனைத்துவிட்டு நிமிர்த்துங்கள். திறக்கும்போது கார்க் உதிர்ந்து உள்ளே விழுந்தாலும் விஸ்கியைக் கொட்டிவிடாதீர்கள். காப்பி வடிகட்டும் காகிதத்தில் வடிகட்டி, பழைய பாட்டிலில் பத்திரமாக இருக்கும் ஏதாவது ஒரு கார்க்கைப் பொருத்தினால் போதும். அதனால்தான் என் வீட்டில் காலிப் பாட்டிலைக் குப்பையில் போடும் முன் கார்க்கைக் கழற்றி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். ரெட்பிரெஸ்ட் கார்க் வேறு பல பாட்டிலுக்கும் சரியாக உட்காரும்.